குதிரையைப் பார்ப்போமா, பணத்தைப் பார்ப்போமா?



மோட்டார் வருமுன் நம் ஜோர்ஜ்டவுன் தெருக்களில் குதிரை வண்டிகள் ஓடின. மலாய்மொழியில் இன்று காரைக் குறிக்கும் ‘கெரேத்தா’ அந்நாளில் வண்டியைக் குறித்தது; போர்த்துக்கீசியர் தந்த சொல். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கடிவாளம் பிடித்தவர் ‘சயிஸ்’. போயான் மக்களும் தென்னிந்தியரும் அந்தத் தொழிலைச் செய்தார்கள். அவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

குதிரைப் பந்தயமும் பழசுதான். பினாங்கு டர்ஃப் கிளப் 1864இல் தோன்றியது. முதல் திடல் மெக்காலிஸ்டர் ரோட்டில். 1939இல் பத்து காந்தோங்கிற்கு மாறியது. அங்கே போனவர்கள் குதிரையையா பார்த்தார்கள்? “என் நம்பர் வந்துச்சா?” என்றல்லவா பார்த்தார்கள்! எத்தனை வீட்டுச் சம்பளம் அடுப்புக்கு வராமல் போச்சு என்று தாய்மார்களைக் கேளுங்கள், சொல்வார்கள். 2024இல் அந்தச் சங்கத்தைக் கலைத்துவிட உறுப்பினர்களே முடிவெடுத்தனர். சிங்கப்பூரிலும் அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது.

அப்படியானால் குதிரையைப் பார்க்கும் இன்பமும் போக வேண்டுமா? வேண்டியதில்லை. உலகில் இன்னொரு போட்டி உண்டு: குதிரை வண்டி ஓட்டும் போட்டி. இங்கிலாந்து ராணியின் கணவர் இளவரசர் பிலிப் 1964 முதல் 1986 வரை அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் தலைவர். அவர் காலத்தில் இதற்கு விதிகள் வகுத்தார்கள். 1972இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது.

தமிழ்நாட்டு ரேக்ளா வண்டியைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அங்கே வேகம்தான் கணக்கு. இங்கே மூன்று சோதனைகள். முதலில், குதிரைகள் சொன்னபடி அழகாக நடக்கின்றனவா என்று நடுவர்கள் பார்ப்பார்கள். அடுத்து நெடுந்தூர ஓட்டம். வழியில் தண்ணீர், மரக்கம்பங்கள், குறுகிய வளைவுகள். வண்டி கவிழாதபடி உதவியாள் பின்னால் நின்று சாய்ந்து கொடுப்பார். ஜனங்கள் அந்த இடங்களில்தான் கூடி நிற்பார்கள். கடைசியில் இரட்டை இரட்டையாக வைத்த கூம்புகளின் நடுவே வண்டி நுழைய வேண்டும். கூம்பின் தலையில் ஒரு பந்து. சக்கரம் உரசிப் பந்து விழுந்தால் தண்டனைப் புள்ளி. மொத்தத்தில் குறைந்த தண்டனைப் புள்ளி பெற்றவருக்கே வெற்றி. குதிரையின் உடல்நிலையை மருத்துவரும் பார்ப்பார். நொண்டினால் ஓட விடமாட்டார்.

இதைப் பார்க்கிறவன் கண் எங்கே போகிறது, பார்த்தீர்களா? குதிரையின் காதில், ஓட்டுபவர் கையில், உதவியாளின் தோளில்!

2021 ஏப்ரலில் பிலிப்பின் இறுதிச் சடங்கு நடந்தபோது, அவர் ஓட்டிய வண்டியும் இரண்டு குட்டைக் குதிரைகளும் வின்ட்சர் அரண்மனை முற்றத்தில் நின்றன. இருக்கையில் அவருடைய தொப்பி, கையுறை. கூடவே குதிரைகளுக்குக் கொடுக்கும் சர்க்கரைக் கட்டிகள். இளவரசர் கையும் சயிஸ் கையும் குதிரைக்கு ஒன்றுதான்.

பிள்ளைகளே, விளையாட்டைப் பாருங்கள், பணம் கட்டாதீர்கள். ஜெயித்தவரைக் கைதட்டும்போது, அந்தக் குதிரைக்குத் தீனி வைத்தவர் யார் என்றும் கேளுங்கள்.