உச்சியின் பெயரும் வழிகாட்டியின் பெயரும்

ஒரு மலையின் உச்சியை முதலில் அடைந்தவர் யார் என்னும் வினாவிற்கு வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஓரிரு பெயர்களையே விடையாகத் தருகின்றன. சுமை தூக்கியவர், உணவு சமைத்தவர், வழி காட்டியவர் ஆகிய அனைவரும் ‘உடன் சென்றோர்’ என்னும் ஒரு தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர். ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையாகிய கிளிமஞ்சாரோவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அம்மலையின் இடங்களுக்குப் பெயர் இடப்பட்ட முறையும், பின்னர் அப்பெயர்கள் மாறிய முறையும், விடுபட்டுப்போன பெயர்கள் நூறாண்டு கழித்துத் தேடப்பட்ட முறையும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

மலையும் மக்களும்

தான்சானியா நாட்டின் வடகிழக்கில், கென்ய எல்லையை ஒட்டி, சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கிறது கிளிமஞ்சாரோ. ஷிரா, கிபோ, மாவென்சி என்னும் மூன்று எரிமலைகள் சேர்ந்து அமைந்த மலை இது. இவற்றுள் உயர்ந்ததாகிய கிபோவின் உச்சி 5,895 மீட்டர் உயரமுடையது. நிலநடுக்கோட்டிற்கு மூன்று பாகை தெற்கே, வெப்ப மண்டலத்தில் இருந்தும், இதன் தலையில் பனி படிந்திருக்கிறது.

மலையின் அடிச்சரிவுகளில் வாழும் மக்கள் சாக்கா இனத்தவர். காட்டிலிருந்து இறங்கும் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, வாழைத் தோட்டங்களை வளர்த்த உழவர் இவர்கள். மலை அவர்களுக்குக் காட்சிப் பொருளன்று. நீர் தரும் தாய். காட்டைக் கடந்து மேலே செல்லும் தடங்களையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

ஐரோப்பியர் வருமுன்னரே பனியை ஆராய முயன்ற செய்தி ஒன்றும் உண்டு. மச்சாமே என்னும் பகுதியின் தலைவர் ஒருவர், மலையுச்சியில் மின்னுவது வெள்ளியாக இருக்கலாம் என்று கருதி, ஆட்களை மேலே அனுப்பினார். சென்றவருள் சபயா என்னும் ஒருவர் மட்டுமே, கைகால்கள் குளிரால் சிதைந்த நிலையில், உயிருடன் திரும்பினார். இதனைப் பதிவு செய்தவர் யோகான்னஸ் ரெப்மான் என்னும் ஜெர்மானியச் சமயத் தொண்டர். மலையேற்ற வரலாறுகளின் முதற்பக்கத்தில் இடம்பெறத் தக்க பெயர் சபயா. எனினும் அவர் ஒரு கிளைக்கதையாகவே நின்றுவிட்டார்.

நம்பப்படாத பனி

1848ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் ரெப்மான் கிளிமஞ்சாரோவைக் கண்டார். உச்சியில் வெண்மையாகத் தெரிவது யாது என்று தம்முடன் வந்த வழிகாட்டியிடம் வினவினார். கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த அவ்வழிகாட்டிக்குப் பனியைக் குறிக்கும் சொல் தெரியவில்லை. ‘பரிதி’ என்றார். சுவாகிலி மொழியில் அதற்குக் ‘குளிர்’ என்பது பொருள். ஞாயிற்றைக் குறிக்கும் நம் சொல்லின் ஒலியும் அதுவே என்பது தற்செயல். அந்த ஒரு சொல்லே ரெப்மானுக்குப் போதுமானதாக இருந்தது.

1849இல் இச்செய்தி இங்கிலாந்தில் அச்சேறியபோது எள்ளல்தான் எதிர்கொண்டது. ஆப்பிரிக்காவிற்கே சென்றறியாத வில்லியம் டெஸ்பரோ கூலி என்னும் நிலநூல் அறிஞர், வெப்ப மண்டலத்தில் பனி இருத்தல் இயலாது என்று உறுதியாக மறுத்தார். மலையடியில் வாழ்ந்தோர் தலைமுறை தலைமுறையாகக் கண்டதும், நேரில் சென்றவர் எழுதியதும், நூலறையில் அமர்ந்து எழுதிய மறுப்பின்முன் எடுபடவில்லை. 1862இல் பாரன் வான் டெர் டெக்கன் என்னும் ஜெர்மானியர் ஏறத்தாழ 4,300 மீட்டர் வரை ஏறி, அங்குப் பனி பொழியக் கண்ட பின்னரே ஐயம் அடங்கத் தொடங்கியது.

1889ஆம் ஆண்டு ஏற்றம்

1880களில் இந்நிலப்பகுதி ஜெர்மானிய ஆட்சியின் பிடிக்குள் சென்றது. லைப்சிக் நகரத்து ஹான்ஸ் மேயர் 1887இல் முதன்முறையாக ஏற முயன்று, பனிச்சுவரைக் கடக்க இயலாமல் திரும்பினார். 1888இல் கடற்கரையில் ஜெர்மானியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் சிறைப்பட்டு, பணயத்தொகை தந்து மீண்டார். 1889இல் ஆஸ்திரிய மலையேற்ற வல்லுநர் லுட்விக் பூர்ட்ஷெல்லருடன் மூன்றாம் முறை வந்தார்.

முந்தைய முயற்சிகளில் குளிரும் பனிச்சுவரும் மட்டுமன்றி உணவுத் தட்டுப்பாடும் தடையாக நின்றது. இதனை உணர்ந்த மேயர், மராங்கு என்னும் ஊரைத் தளமாகக் கொண்டு, மலையில் படிப்படியாகப் பாசறைகளை அமைத்தார். மராங்குத் தலைவர் மரியாலேயின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. சுமையாளர் கீழிருந்து மீண்டும் மீண்டும் ஏறி உணவு கொண்டுவந்தனர். ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் இருந்த மேற்பாசறையில் முயினி அமானி என்னும் ஆப்பிரிக்கர் ஐரோப்பியர் இருவருடனும் தங்கிப் பணிபுரிந்தார். உச்சியில் இருவர் நிற்பதற்கு வழி செய்தது இந்தத் தொடர்ந்த உணவு வழங்கலே ஆகும்.

அக்டோபர் 3ஆம் நாள் இருவரும் பனியில் படிகள் வெட்டி எரிமலை வாயின் விளிம்பை அடைந்தனர். உச்சி தெற்கு விளிம்பில் இருந்தது கண்டும், களைப்பு மிகுதியால் திரும்பினர். மூன்று நாள் கழித்து, 1889 அக்டோபர் 6ஆம் நாள், உச்சியை அடைந்தனர். அன்று பூர்ட்ஷெல்லருக்கு நாற்பதாவது பிறந்தநாள். மேயர் அவ்விடத்திற்குக் ‘கைசர் வில்ஹெல்ம் சிகரம்’ என்று தம் பேரரசரின் பெயரைச் சூட்டினார். உச்சியிலிருந்து எடுத்துச் சென்ற கல்லின் ஒரு பகுதியைப் பேரரசருக்கு அளித்தார். அது போட்ஸ்டாம் அரண்மனைச் சுவரில் பதிக்கப்பட்டது. அவ்வாறு சாக்கா மக்களின் மலை, ஒரு கல்லாகவும் ஒரு பெயராகவும் ஜெர்மானியப் பேரரசின் உடைமையாயிற்று.

பெயர் மாற்றங்கள்

பின்வந்த ஆண்டுகளில் மராங்கிலிருந்து செல்லும் வழியில் தங்குகுடில்கள் எழுந்தன. கீழ்க்குடில் பிஸ்மார்க்கின் பெயரைப் பெற்றது. அதற்கு மேலுள்ள குடில் கார்ல் பீட்டர்ஸின் பெயரைப் பெற்றது. கிளிமஞ்சாரோப் பகுதியில் அதிகாரியாக இருந்தபோது ஆப்பிரிக்கர் சிலரைத் தூக்கிலிட்ட கொடுமைக்காக 1897இல் தம் அரசாலேயே பணிநீக்கப்பட்டவர் அவர். அந்த மலைமக்கள் சுமையுடன் நாள்தோறும் ஏறி இறங்கிய குடிலுக்கு அவர் பெயரே வாய்த்தது என்பது காலத்தின் கொடுமை.

1961 டிசம்பர் 9ஆம் நாள் தாங்கன்யீகா விடுதலை பெற்றது. அந்நாட்டின் இளம் படை அதிகாரி அலெக்சாண்டர் நியிரெண்டா, புதிய கொடியையும் விடுதலைச் சுடரையும் கிளிமஞ்சாரோவின் உச்சியில் நாட்டினார். கைசரின் பெயர் நீங்கி, உச்சி ‘உஹுரு’ என்னும் பெயரைப் பெற்றது. சுவாகிலியில் அதற்கு ‘விடுதலை’ என்பது பொருள். குடில்களும் பிற்காலத்தில் மந்தாரா, ஹொரொம்போ என்னும் சாக்காத் தலைவர்களின் பெயர்களைப் பெற்றன.

தலைவர்களின் பெயர்கள் மீண்டன. தொழிலாளரின் பெயர்கள்?

1989இல் முதலேற்றத்தின் நூற்றாண்டு விழா நடைபெற்றபோதுதான் இவ்வினா எழுந்தது. சிறப்பிக்கப்பட வேண்டியோர் பட்டியலில் ஆப்பிரிக்க வழிகாட்டிகளும் சுமையாளரும் இல்லை என்பதை விழாக் குழுவினர் உணர்ந்தனர். அப்போது மராங்கைச் சேர்ந்த முதியவர் யோஹானி கின்யாலா லாவோ முன்னிறுத்தப்பட்டார். இளமையில் மேயரின் குழுவிற்கு வழிகாட்டியாகச் சென்றவர் அவர் என்பது மராங்கு மக்களின் கூற்று. தான்சானிய அரசு அவருக்கு ஒரு வீடு அளித்துச் சிறப்புச் செய்தது. 1996இல் அவர் மறைந்தபோது 125 வயதினர் என்று கூறப்பட்டது. அந்த வயதையும், 1889இல் அவர் பெற்ற பங்கையும் ஐயுறும் ஆய்வாளர் உளர். ஆனால் அந்த ஐயத்திற்கு இடமளித்ததே பழைய பதிவுகளின் குறைபாடுதான். சுமந்தவர் பெயர்களை அன்று முறையாக எழுதியிருந்தால், நூறாண்டு கழித்து ஒரு முதியவரின் நினைவைச் சான்றாகத் தேட வேண்டி வந்திராது.

இன்றைய ஏற்றம்

1973இல் கிளிமஞ்சாரோ தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1987இல் அது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. இன்று உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி எவரும் உச்சிக்கு ஏற இயலாது. மராங்கு வழியில் முதல் நாள் மழைக்காட்டினூடே நடந்து ஏறத்தாழ 2,700 மீட்டரில் மந்தாராக் குடிலை அடைவர். அடுத்துப் புதர்நிலம் கடந்து 3,700 மீட்டரில் ஹொரொம்போ. அங்கு ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடலை உயரத்திற்குப் பழக்குவதும் உண்டு. பின்னர்ப் பாலை போன்ற வெளியைக் கடந்து 4,700 மீட்டரில் கிபோக் குடில். அங்கிருந்து நள்ளிரவில் புறப்பட்டு, குளிரில் இறுகிய சரளைச் சரிவில் ஏறி, விடியற்காலையில் விளிம்பை அடைந்து, உஹுரு உச்சிக்குச் செல்வர்.

உச்சியில் மூச்சிற்குக் கிடைக்கும் உயிர்வளி, கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. விரைந்து ஏறுவோரைத் தலைவலியும் குமட்டலும் தாக்கும். நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்தால் உயிருக்கே இறுதியாகும். ஆகவே வழிகாட்டிகள் ஓயாது கூறும் சொல் ‘போலே போலே’. ‘மெல்ல மெல்ல’ என்பது பொருள். பயணியின் நடையையும் பேச்சையும் கவனித்து, இவர் மேலே செல்லலாம், இவர் இறங்க வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு வழிகாட்டியுடையது. பல நாள் சேர்த்த பணத்தையும் கனவையும் கொண்டு வந்தவரை உச்சிக்குச் சற்றுக் கீழே திருப்பி அனுப்புவதும் அப்பொறுப்பில் அடங்கும்.

சுமையாளர் ஒருவர் பயணக்குழுவிற்காகச் சுமக்கும் எடைக்கு 20 கிலோ என வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. ஆயினும் கூலிக் குறைவும், போதிய உடையும் உணவும் இன்மையும் நெடுங்காலக் குறைகளாக இருந்தன. இவற்றைக் களைவதற்கென 2003இல் சுமையாளர் நலத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சுமப்பவரும் குளிரை உணர்பவர் என்னும் எளிய உண்மை விதியாக வடிவம் பெற இத்துணைக் காலம் ஆயிற்று.

முடிவுரை

1898இல் மீண்டும் சென்ற மேயரே பனி பின்வாங்கியிருப்பதைக் கண்டார். 1912இல் ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டராக இருந்த பனிப்பரப்பில் 2007க்குள் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு மறைந்தது. ‘குளிர்’ என்று ஒரு வழிகாட்டி சுட்டிக் காட்டிய வெண்மை, இன்றைய வழிகாட்டிகளின் கண்ணெதிரே குறைந்து வருகிறது. அது எங்கிருந்தது, எவ்வளவு இருந்தது என்பதை ஆண்டுதோறும் பலமுறை ஏறி இறங்கும் அவர்களே நன்கறிவர். மேயரின் பாசறைக்கு உணவு சுமந்தவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு இனி நமக்கு இல்லை. இன்று ஏறுபவர்களைக் கேட்டு, அவர்கள் கூறுவதை அவர்கள் பெயராலேயே எழுதிவைக்கும் வாய்ப்பு உண்டு. வரலாறு எழுதுவோர் அதனைத் தவறவிடலாகாது.