இராசபாளையம் நாயின் வெண்மையும் செவியும்

காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பெயர் பெற்ற இராசபாளையம் நாய் பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டிருக்க வேண்டும் என்ற விருப்பம் வலுப்பட்டபோது, ஒரே ஈற்றில் பிறந்த கறுப்பு, பழுப்புக் குட்டிகள் பெரும்பாலும் கழிக்கப்பட்டு, வெள்ளைக் குட்டிகளே இனவிருத்திக்கு நிறுத்தப்பட்டன. தோலுக்கு நிறம் தரும் நிறமி உயிரணுக்கள் உட்செவியிலும் இன்றியமையாதவை. வெள்ளைக் குட்டிகள் சிலவற்றில் நேர்வதுபோல் அவை அங்கே இல்லையெனில், கேட்கும் நரம்பு முனைகளைப் பேணும் திசு, குட்டி பிறந்த சில வாரங்களில் சிதைந்து, செவிட்டுத்தன்மை நிலைத்துவிடுகிறது. பின்னாலிருந்து கைதட்டும்போது மற்றவை துள்ளியெழ, ஒன்று மட்டும் உறங்கிக்கொண்டிருப்பதே இதன் முதல் அடையாளம். ஒரு செவி மட்டும் கேளாத குட்டியோ இச்சோதனையில் தப்பிவிடும்.

நிறத்துக்கும் செவிக்கும் உள்ள இத்தொடர்பை அக்கால வளர்ப்போர் அறிந்திருக்க வழியில்லை. டால்மேஷியன் இனத்தை வளர்த்த மேலைநாட்டாரும் இதே இடரைச் சந்தித்தனர் என்பதால், இதனை ஓர் ஊரின் குற்றமாகக் கருதுவது நியாயமன்று. மாறாக, இராசபாளையத்து வளர்ப்போர் காத்துத் தந்திராவிட்டால், 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இவ்வினம் எஞ்சியிருக்குமா என்பதே ஐயம். அவர்களது பட்டறிவிலிருந்து பெறத்தக்கவை தெளிவானவை: நிறக்குட்டிகளைக் கழிக்காமல் வளர்ப்பது, நெருங்கிய இரத்த உறவில் இணைசேர்ப்பதைத் தவிர்ப்பது, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின்னசைவைப் பதியும் கருவியால் இரு செவிகளையும் தனித்தனியே சோதித்த பின்னரே ஒரு நாயைப் பொலிக்கு விடுவது.