வாரம் ஒரு முழுக்கு

வரதராஜன்பேட்டையில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துப் பக்கம் இருக்கும் அந்த ஊரைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: செம்மண் பூமி, முந்திரிக் காடு, மாதா கோயில் மணியோசை - இந்த மூன்றையும் சேர்த்து நினைத்துக் கொண்டால் ஊர் பாதி கண்ணுக்குத் தெரிந்துவிடும். வாத்தியாருக்கும் கொஞ்சம் முந்திரித் தோப்பு உண்டு. தோப்பைக் காக்க ஒரு நாயும் இருந்தது.

'இருந்தது' என்று சொல்ல வேண்டியிருப்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அதன் பெயர் மணி. செவலை நிறத்து நாட்டு நாய். பங்குனி, சித்திரையில் முந்திரிப் பழம் உதிரும் காலத்தில் அது இராத் தூங்கியதில்லை. சருகு சலசலத்தால் போதும். கொட்டை பொறுக்க வந்தவன் வேலி தாண்டிவிடுவான். இத்தனை உழைத்த நாய்க்கு வாத்தியார் செய்த மரியாதை, சனிக்கிழமை முழுக்கு. மறுநாள் பூசைக்குப் போக வேண்டுமே என்று சனிக்கிழமை சாயங்காலம் வீடு முழுவதும் தேய்த்துக் குளிக்கும். கடைசியில் கிணற்றடியில் மணிக்கும் நாலு வாளித் தண்ணீர், வீட்டுச் சோப்பு. சனி நீராட்டத்தைப் பற்றி ஔவையார் சொன்னது நாய்க்கும் சேர்த்துத்தான் என்பது வாத்தியாரின் வியாக்கியானம்.

ஒரு கோடையில் மணி சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஈறு வெளுத்துப் போயிற்று. சிறுநீர் சாயத் தண்ணீர் மாதிரி போயிற்று. மிருக வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்து, 'உண்ணிக் காய்ச்சல். நாள் கடந்துவிட்டது' என்றார். மறுநாள் விடியற்காலையில் அது போய்விட்டது.

நான் துக்கம் விசாரிக்கப் போனபோது வாத்தியார் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "வாரம் தவறாமல் குளிப்பாட்டினேனே, ஐயா! எதில் குறை வைத்தேன்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு புத்தகங்களைப் புரட்டினேன். நாய்க்கு எத்தனை நாளைக்கு ஒரு முழுக்கு என்ற அற்ப விஷயத்துக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது.

காவல் நாய்க்கு மரியாதை செய்வது தமிழனுக்குப் புதிது அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில் நாட்டியது. ஆநிரைச் சண்டையில் இறந்த வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். வாத்தியாரின் மணிக்கு ஆயிரத்து நானூறு வருஷத்து அண்ணன் என்று வைத்துக் கொள்ளலாம். கோவிவனை யாராவது குளிப்பாட்டினார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. ஏரியில் இறங்கித் தானே நீந்தியிருக்கும். மண்ணில் புரண்டு தானே உலர்ந்திருக்கும்.

வெளிதேசத்துப் பழைய நூல்களிலும் குளியல் பெரிய இடத்தைப் பிடிக்கவில்லை. அலெக்ஸாந்தரின் படையெடுப்பைச் சரித்திரமாக எழுதிய அர்ரியன் என்ற கிரேக்கர், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வேட்டை நாய்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். உடம்பு முழுவதையும் கையால் அழுத்தித் தேய்த்துவிடுவது குதிரைக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு நாய்க்கும் நல்லது என்பது அவர் கட்சி. பிரான்ஸ் தேசத்துப் பிரபு கஸ்தோன் ஃபெபுஸ் 1387-ல் எழுதத் தொடங்கிய வேட்டை நூல் மிகப் பிரசித்தமானது. அந்த மரபில், நாய்க்கொட்டிலில் வேலை பார்க்கும் பையனுக்குக் காலைக் கடமை, நாய்களைச் சீப்பால் வாரி, வைக்கோல் பிடியால் துடைப்பது. தண்ணீருக்கு இருந்த மதிப்பைவிடக் கைக்கு இருந்த மதிப்பு அதிகம். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். கடைசியில் நாம் இந்த இடத்துக்கே திரும்பி வரப் போகிறோம்.

அப்படியானால் சோப்பு எப்போது வந்தது? இங்கிலாந்தில் சோப்புக்கு நெடுங்காலம் வரி இருந்தது. 1853-ல் அதை எடுத்துவிட்டார்கள். சோப்பு ஏழை வீட்டுக்கும் வந்தது. 1859-ல் நியூகாசில் நகரத்தில் நாய்க் காட்சி ஒன்று நடந்தது. முறையான நாய்க் காட்சிகளில் அதைத்தான் முதலாவது என்று சொல்லுகிறார்கள். 1873-ல் லண்டனில் 'கென்னல் கிளப்' ஏற்பட்டது. அதுவரை நாயை அது செய்யும் வேலையால் மதித்தார்கள். இனிமேல் தோற்றத்தாலும் மதிப்பெண் போடலானார்கள். மதிப்பெண் போடுகிறவர் முன்னால் அழுக்கு நாயைக் கொண்டு போய் நிறுத்த முடியுமா? அதே சமயத்தில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கோத்து வியாபாரம் ஆரம்பித்தார். அவர் பெயரில் நடந்த கம்பெனி பிஸ்கோத்தோடு நிற்காமல் நாய்ச் சோப்பும் விற்றது. 1891-ல் தம் பெயராலேயே புகழ் பெற்ற நாய்க் காட்சியை ஆரம்பித்த சார்லஸ் கிராஃப்ட், அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்தான். காட்சியும் கடையும் இப்படிக் கை கோத்தன. கட்டிலுக்கும் கம்பளத்துக்கும் நாய் வந்த பிறகு எஜமானியின் மூக்கும் இவர்களோடு சேர்ந்து கொண்டது. 'வாரம் ஒரு முழுக்கு' என்ற வழக்கம் நாயின் தோலைக் கேட்டு ஏற்பட்டது அல்ல. இந்த மூன்று பேரைக் கேட்டு ஏற்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் தப்பு என்ன, சுத்தம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் சுத்தமான நாய்களும் செத்துக் கொண்டிருந்தன. அந்தக் கதையில் ஓர் அத்தியாயம் நம் சென்னையிலேயே நடந்தது.

வெள்ளைக்காரர்கள் சென்னையில் 'மெட்ராஸ் ஹண்ட்' என்று ஒரு வேட்டைச் சங்கம் வைத்திருந்தார்கள். சீமையில் நரி வேட்டைக்குப் பழக்கிய ஜாதி நாய்களை இங்கே வைத்துக் கொண்டு குள்ளநரியைத் துரத்தினார்கள். அந்த நாய்களுக்கு உபசாரத்தில் குறை இருந்திருக்காது. ஆனாலும் காய்ச்சல் கண்டது, உடம்பு வெளுத்தது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த பாட்டன் என்பவர் அவற்றின் இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். சிவப்பு அணுக்களுக்குள்ளே மிக நுண்ணிய கிருமி ஒன்று குடியிருந்தது. அதுவரை யாரும் விவரித்திராத கிருமி. குள்ளநரியின் இரத்தத்திலும் அதே கிருமியைக் கண்டார். 1910-ல் பாரிஸ் நகரத்து விஞ்ஞானப் பத்திரிகையில் அதை வெளியிட்டார். 'பபேசியா கிப்சோனி' என்று இன்று உலகம் முழுவதும் மிருக வைத்தியர்கள் சொல்லும் கிருமி, இப்படிச் சென்னை நாயின் இரத்தத்திலிருந்து பெயர் பெற்றது.

இம்மாதிரிக் கிருமி எப்படி நாய்க்கு நாய் போகிறது? அதற்கான வழியை ஏற்கெனவே கண்டிருந்தார்கள். 1893-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும், மாட்டுக் காய்ச்சல் ஒன்றை உண்ணிதான் பரப்புகிறது என்று நிரூபித்தார்கள். 1901-ல் தென்னாப்பிரிக்காவில் லௌன்ஸ்பரி, நாய்க் காமாலைக்கும் உண்ணியே காரணம் என்று காட்டினார். 1935-ல் அல்ஜீரியாவில் உண்ணி பரப்பும் இன்னொரு கிருமி அகப்பட்டது. 'எர்லிக்கியா' என்று பெயர். அதன் கொடூரம் வியட்நாம் யுத்தத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்கப் பட்டாளத்து நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கில் இரத்தம் கொட்டி இறந்தன. பட்டாளத்து நாய்க்குத் தனிக் காவலாள் உண்டு. வாருவதும் துடைப்பதும் அவனுக்குத் தினசரி உத்தரவு. அவற்றைவிடவா வரதராஜன்பேட்டை மணிக்குக் கவனிப்பு குறைந்திருக்கும்? வாத்தியார் அழுதது நியாயம்தான். ஆனால் அவர் எதிரி கிணற்றடியில் இல்லை.

எங்கே இருந்தான்? சுவரில் இருந்தான்.

நம் ஊர் நாய் உண்ணியின் ஜீவிதம் விசித்திரமானது. முட்டையிலிருந்து வந்ததும் அதற்கு ஆறு கால். நாயின் மேல் ஏறிச் சில நாள் இரத்தம் குடிக்கிறது. கீழே உதிர்ந்து, சுவர் வெடிப்பில் ஒளிந்து, சட்டை உரித்து எட்டுக் காலோடு வருகிறது. மறுபடி நாய், மறுபடி சுவர். மூன்றாம் முறை குடித்துக் கொட்டை முத்துப் போல உப்பிய பெண் உண்ணி, மறுபடி ஒரு வெடிப்பைத் தேடிப் போய்ச் சில ஆயிரம் முட்டை இட்டுவிட்டுச் செத்துப் போகிறது. கணக்குப் பார்த்தால், அதன் ஆயுளில் நாயின் மேல் கழிக்கும் நாள் கொஞ்சம். வெடிப்பில் கழிக்கும் நாள் அதிகம். வளர்ந்த உண்ணி இரையில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். வாத்தியார் நாயைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தார். மண் சுவரும் விறகு அடுக்கும் மணி படுத்திருந்த சாக்கும் குளிக்காமல் இருந்தன.

அது மட்டுமா? தோலில் வாயைப் பதித்த உண்ணி நாலு வாளித் தண்ணீருக்கு விடாது. சாதாரணச் சோப்பு அதைக் கொல்லாது. கிருமிகளில் சில, உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். சில, இரண்டு நாள் போல ஒட்டிக் கொண்டிருந்த பிறகு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஏறிய உண்ணிக்குச் சனிக்கிழமை முழுக்கு என்ன செய்யும்?

இனி நாயின் தோலைக் கேட்போம். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் உள்ளங்கால்தான் வேர்க்கிறது. மற்ற உஷ்ணத்தை நாக்கைத் தொங்கவிட்டுத் தணித்துக் கொள்கிறது. ஆகையால் வேர்வை அழுக்குக்காகக் குளிக்கும் நம் அவசியம் அதற்கு இல்லை. நம் தோலின் மேல் அடுக்கில் பத்துப் பதினைந்து வரிசை அணுக்கள்; நாய்க்கு மூன்று முதல் ஐந்து வரிசைதான். மெல்லிய அந்தத் தோலைக் காப்பது அதுவே சுரக்கும் எண்ணெய்ப் பசை. நம் தோலில் கொஞ்சம் அமிலம் உண்டு. நாய்த் தோலில் அது குறைவு. நமக்கென்று செய்ததும் துணிக்கென்று செய்ததும் அதற்குப் பொருந்துவதில்லை. அடிக்கடி சோப்புப் போட்டால் பசை போய், தோல் வறண்டு, சொறிய ஆரம்பிக்கும். 'நாற்றம் அடிக்கிறதே' என்று மறுபடி சோப்புப் போடுவோம். நல்ல வைத்தியம்!

ஆகவே எத்தனை நாளைக்கு ஒரு முறை? குட்டை மயிர் உள்ள ஆரோக்கியமான நாட்டு நாய்க்கு மாதம் ஒரு முழுக்கு தாராளம். அழுக்குப் படாவிட்டால் இரண்டு மூன்று மாதம் போனாலும் பாதகமில்லை. சேற்றில் புரண்டு வந்தால் அன்றே குளிப்பாட்ட வேண்டும். அதற்குக் கணக்குக் கிடையாது. தோல் வியாதி கண்ட நாய்க்கு வைத்தியர் வாரம் ஒரு முறையோ இரு முறையோ மருந்து ஷாம்பு சொல்லுவார். அது குளியல் அல்ல, வைத்தியம். நுரையைப் பத்து நிமிஷம் ஊற விட்டால்தான் அது பலிக்கும். இரண்டு மாதம் ஆகாத குட்டியைக் குளிப்பாட்டாமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் தண்ணீர் தங்கக் கூடாது. பினாயிலும் மண்ணெண்ணெயும் நாயின் உடம்பில் படவே கூடாது. நக்கி விழுங்கினால் விஷம்.

உண்ணிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பிடரியில் விடும் சொட்டு மருந்து 1990-களில் வந்தது. அதை விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. குளிப்பாட்டினால் மருந்தின் பலன் குறையும். விழுங்கும் மாத்திரை பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நாயின் எடையைப் பார்த்து வைத்தியர் கொடுக்க வேண்டியவை இவை. சுவர் வெடிப்பைப் பூச வேண்டும். படுக்கைச் சாக்கை வெந்நீரில் அலச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினம் சாயங்காலம் ஐந்து நிமிஷம் கையால் தடவிப் பார்க்க வேண்டும்: காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல்களுக்கு நடுவில், வால் அடியில். அகப்பட்ட உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்; விரலால் நசுக்கக் கூடாது, மனிதனுக்கும் காய்ச்சல் தரும் கிருமி அதில் இருக்கக் கூடும். சோறு வேண்டாம் என்ற முதல் நாளே ஈறைப் பார்த்து வைத்தியரிடம் போனால், இந்தக் காய்ச்சல்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று மருந்து இருக்கிறது. இரத்தத்தைச் சோதிக்கத் துரை வர வேண்டியதில்லை; 1903-லேயே சென்னையில் மிருக வைத்தியக் கல்லூரி வந்துவிட்டது.

அர்ரியன் தேய்த்துவிடச் சொன்னதும், கொட்டில் பையன் வாரித் துடைத்ததும் உண்ணியைத் தெரிந்து செய்த காரியங்கள் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் தினமும் கை பட்ட நாயின் உடம்பில் எதுவும் அதிக நாள் ஒளிந்திருக்க முடியாது. சோப்பு வந்த பிறகு நாம் வாரம் ஒரு நாள் வாளியைத் தூக்கிவிட்டு, மற்ற ஆறு நாளும் கையைக் கட்டிக் கொண்டோம்.

இதையெல்லாம் நான் வாத்தியாருக்குக் கடிதமாக எழுதினேன். குறை அவருடையது அல்ல, யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த சித்திரையில் நேரிலேயே போனேன்.

தோப்பு வீட்டுச் சுவருக்குப் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தார்கள். விறகு அடுக்கு இடம் மாறியிருந்தது. வாத்தியார் திண்ணையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் கறுப்புக் குட்டி ஒன்று. அதன் காதைப் புரட்டிப் புரட்டிப் பரீட்சைத் தாள் திருத்துவது போலப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா" என்றார் தலை நிமிராமல். "இன்னும் ரெண்டு கால் பாக்கி. பார்த்துட்டு வந்துடறேன்."

அன்று சனிக்கிழமை. கிணற்றடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது.