நெய்வேலி மருத்துவர் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

நெய்வேலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சுரங்கத்தில் தொடங்கி மின் நிலையத்தில் முடித்துவிடுகிறார்கள். 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்தது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த ஆண்டே மின்சாரம் வந்தது. இந்த வரிசையில் மருத்துவமனைக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். டவுன்ஷிப்பின் பொது மருத்துவமனை பார்த்த வேலைகளுள் மிகக் கடினமானது நோயைக் கண்டறிவது. அதைப் பற்றி இந்த மலரிலாவது பேச வேண்டும்.

இங்கே நோயறிதல் ஏன் கடினம்? பக்கெட் வீல் இயந்திரங்கள் மூன்று ஷிப்டும் மேல்மண்ணை அள்ளுகின்றன. அந்த மண்ணில் கடலூர் மணற்கல்லின் மணலும் களிமண்ணும் உண்டு. கன்வேயரின் ஓரம் நிற்பவர் சுவாசிக்கும் தூசி ஒன்று, கொதிகலன் பகுதியில் இருப்பவர் சுவாசிக்கும் தூசி வேறு. வேலைக்கு வந்தவர்களோ சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். ஒவ்வொருவரும் பிறந்த ஊரின் நோயையும் உடன் கொண்டு வந்திருக்கலாம். ஆகவே நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்தப் பிரிவில் வேலை? எந்த ஊர்?

முதல் கேள்விக்கு வயது முந்நூறுக்கு மேல். தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி, நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேளாமல் விடக்கூடாது என்று வற்புறுத்தினார். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1955-ஆம் ஆண்டு விதிகளும் அந்தக் கேள்விக்குச் சட்ட வடிவம் தந்தன. வேலையில் சேரும்போது ஒரு பரிசோதனை, பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசோதனை. வரிசையில் நின்று நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்ட பலருக்கு அது வெறும் சடங்காகத் தோன்றியிருக்கும். உண்மையில் அதன் பயன் பெரிது. நுரையீரலில் தெரியும் புள்ளி புதிதா பழையதா, வளர்கிறதா நிற்கிறதா என்பதை ஒரே படத்தை வைத்து எவராலும் சொல்ல முடியாது. பத்தாண்டுக்கு முந்தைய படம் பக்கத்தில் இருந்தால் சொல்லலாம்.

இரண்டாவது கேள்வியின் மதிப்பை உணர்த்தப் பழைய சென்னை மாகாணத்திலேயே ஓர் அருமையான வழக்கு இருக்கிறது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனைக்கு, இரவில் இருமியும் இளைத்தும், படத்தில் இரு பக்கமும் பொடிப்புள்ளிகளோடும் சிலர் வந்தார்கள். காசநோய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சளியில் கிருமி இல்லை. இரத்தத்தில் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மட்டும் மிக அதிகம். காசநோயைப் போலத் தோன்றினாலும் இது காசநோயல்ல என்று 1940-இல் மருத்துவர்கள் ஃபிரிமட்-மோலரும் பார்ட்டனும் எழுதினர். 1943-இல் வைன்கார்ட்டன் இதற்கு 'வெப்பமண்டல இயோசினோபிலியா' என்று பெயரிட்டார். வேறு நோய்க்காக ஆர்சனிக் மருந்து ஏற்றப்பட்ட ஒருவருக்கு நெஞ்சும் தெளிந்ததை அவர் கவனித்திருந்தார். மருந்து கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை.

காரணம் யானைக்கால் புழுதான் என்ற ஐயம் மெல்ல வலுத்தது. சிங்கப்பூரில் தனராஜ் யானைக்கால் நோய்க்குரிய டி.இ.சி. மருந்தைக் கொடுத்து இந்த நோயாளிகள் குணமாவதை 1950-களில் காட்டினார். ஆயினும் நள்ளிரவில் எடுத்த இரத்தத்திலும் புழுவின் குஞ்சுகள் தென்படவில்லையே, அவை எங்கே போயின? 1960-இல் வேலூர் சி.எம்.சி.யில் வெப், ஜோப், கால்ட் ஆகிய மூவரும் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்களின் திசுக்களில் அவற்றைக் கண்டு காட்டினர். உடலின் எதிர்ப்பு மிகையாகி, குஞ்சுகளை இரத்தத்தில் நடமாட விடாமல் நுரையீரலிலேயே மடக்கி அழிக்கிறது. இருமல் அந்தப் போரால் வருவது. சோதனையில் 'இல்லை' என்று வந்த விடையே நோயின் இயல்பைச் சொல்லிக்கொண்டிருந்தது. நம் மருத்துவ வரலாற்றில் இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

எந்த ஊர் என்ற கேள்வி பயன்படுவது இங்கேதான்: நெய்வேலி அடங்கிய பழைய தென்னார்க்காடு யானைக்கால் நோய்க்குப் பேர்போன பகுதி. இங்கே இரவு இருமலோடு வரும் தொழிலாளிக்குத் தூசிநோய், காசநோய், ஆஸ்துமா, இயோசினோபிலியா ஆகிய நான்கையும் எண்ணியாக வேண்டும். சளிப் பரிசோதனையும் இயோசினோபில் எண்ணிக்கையும் பழைய படமும் சேர்ந்தால்தான் விடை. இயோசினோபில் மூவாயிரத்தைத் தாண்டினால் மூன்று வாரம் டி.இ.சி. கொடுக்கலாம். பெரும்பாலோருக்கு மூச்சு சீக்கிரமே இலகுவாகும். தவறாகக் காசநோய் என்று முடிவு செய்தால் மாதக்கணக்கில் தேவையற்ற மருந்து, கூடவே குடும்பத்துக்கு வீண் பயம்.

மழைக்காலத்துக் காய்ச்சலிலும் இதே நிலைதான். தட்டணு குறைந்தால் டெங்கு என்று முடிவுகட்டத் தோன்றும். புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸிலும் தட்டணு குறையும், கல்லீரல் நொதிகளும் ஏறும். எலிசா சோதனை முதல் வாரத்தில் ஏமாற்றக்கூடும். வலியற்ற ஒரு கருப்புப் பொருக்கு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ ஒளிந்திருக்கும். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கும் மருத்துவருக்குத்தான் அது அகப்படும். டாக்சிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

ஸ்கேன் கருவிகள் வந்தது நல்லது. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுக்கும் ஸ்கேன் பணத்தையும் நாளையும்தான் தின்னும்.

இந்த மலரின் வழியாக இரண்டு வேண்டுகோள்கள். மருத்துவமனைக்கு: பழைய நோயாளிக் கோப்புகளையும் நெஞ்சுப் படங்களையும் கழிவென்று ஒதுக்காமல், பெயர்களை மறைத்து, அருகிலுள்ள ஜிப்மர், அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களுடன் சேர்ந்து படித்துப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றுச் சென்னைக்கோ பிள்ளைகளின் ஊருக்கோ போய்விட்ட தோழர்களுக்கு: அங்குள்ள மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்தச் சுரங்கத்தில், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். வீட்டில் பழைய எக்ஸ்ரே உறை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.