அகழியை மறவாத மண்

ஒருமுறை வெட்டப்பட்ட நிலம், எத்தனை நூற்றாண்டுகள் கழிந்தாலும் வெட்டப்படாத நிலமாக மீள்வதில்லை. தொல்லியலார் இதனை மண்வெட்டியால் அறிந்திருந்தனர். மின்சாரத்தைக் கொண்டு அறிந்துகொண்ட கதையை இங்கே காண்போம்.

அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த மில்டன் விட்னியும் அவர்தம் துணைவர்களும் 1897இல் ஒரு முறையை வெளியிட்டனர்: மண்ணின் மின்தடையை அளந்து, அதிலுள்ள ஈரத்தைச் சொல்லிவிடலாம் என்பது. அடிப்படை சரியானதே. மணற்பரல்கள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை எனலாம். பரல்களுக்கு இடையிலுள்ள நீரும் அதில் கரைந்த உப்புமே கடத்துகின்றன. ஆனால் ஈரம் மிகுந்தால் குறைகிற தடை, உப்பு மிகுந்தாலும் குறைகிறது. மண் சூடேறினாலும் குறைகிறது. களிமண் கலந்தாலோ, அதன் நுண்துகள்கள் தம் மேற்பரப்பிலேயே மின்னூட்டம் சுமப்பதால், இன்னும் குறைகிறது. விட்னி குழுவினர் கேட்டது ஒரு கேள்வி. மண் நான்கு கேள்விகளுக்குச் சேர்த்து ஒரே விடையைச் சொன்னது!

மற்றோர் இடர், மின்முனை மண்ணைத் தொடுமிடத்தில் எழும் தடை. 1915இல் ஃபிராங்க் வென்னர் இதற்கு வழி சொன்னார். சம இடைவெளியில் நான்கு முனைகளை வரிசையாக ஊன்ற வேண்டும். வெளி இரண்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உள் இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். தொடுமிடத் தடை கணக்கில் பெரிதும் விலகிவிடும். இடைவெளியை அகலமாக்கினால் மின்சாரம் ஆழத்திற்கு இறங்கும்.

இலக்கிய அன்பர்கள் சுவைக்கத்தக்க செய்தி ஒன்று. 1938இல் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் தேவாலய வளாகத்தில் மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி ஒரு நிலவறையைத் தேடினர். ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் ஃபிரான்சிஸ் பேக்கனே என்று நம்பியோர், அதற்கான ஏடுகள் அங்கே புதைந்துள்ளன என்றனர். நிலவறை அகப்படவில்லை. மண்ணின் மாறுபாட்டை மின்சாரம் காட்டும். நம் ஆசைக்கு அது பொறுப்பாகாது.

பயன் தந்த இடம் இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரை டார்செஸ்டர். அங்கே புதிய கற்கால மக்கள் சரளை நிலத்தில் வெட்டிய வட்ட அகழிகள், வானிலிருந்து எடுத்த படங்களில் பயிர்த் தடங்களாகத் தெரிந்தன. அதே சரளைக்காகக் குவாரிக்காரர்களும் நிலத்தை அரித்துக்கொண்டிருந்தனர். அகழி எங்கே செல்கிறது என்று நிலமெங்கும் தோண்டிப் பார்க்க நேரமில்லை. ரிச்சர்ட் அட்கின்சன் 1946இல், மின் பொறியாளர்கள் நில இணைப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே சென்றார்.

சரளையில் இடைவெளி பெரிது. மழைநீர் விரைந்து வடிந்துவிடும், தடை உயர்ந்து நிற்கும். அகழியிலோ காலப்போக்கில் நுண்ணிய மண் இறங்கிப் படிந்துள்ளது. அதன் சிறு துளைகள் நீரை இறுகப் பற்றிக்கொள்கின்றன. கருவி அகழியின் மேல் வந்தபோது அளவு தாழ்ந்தது, கடந்தபோது உயர்ந்தது. மேலே புல்லும் உழவும் ஒன்றுபோலவே இருந்த நிலத்தில், அகழியின் போக்கைக் காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குறிக்க முடிந்தது. விட்னியை அலைக்கழித்த அதே துகளளவும் களியும்தான் இங்கே வழிகாட்டிகளாயின. புதைந்த கற்சுவராயின் நேர்மாறு, தடை கூடும்.

எப்போதும் இப்படி வாய்க்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். அடைமழைக்குப் பின் சரளையும் நனைந்து நிற்கும். கடுங்கோடையில் அகழியும் உலரும். இரண்டிலும் வேறுபாடு மங்கிவிடும். பருவம் பார்த்தே முனைகளை ஊன்ற வேண்டும் என்பதைப் பின்வந்தோர் பட்டறிந்தனர்.

டார்செஸ்டர் அகழாய்வின் அறிக்கை 1951இல் நூலாக வெளிவந்தது. அங்கிருந்த சின்னங்களில் பெரும்பாலானவை சரளைக் குழிகளில் போய்விட்டன. இனி அளந்தால் மின்சாரம் சொல்வதற்கு அங்கே மண்ணே இல்லை.