பெராக்சிசோமுக்குள் புரதம் நுழைதல்

செல்லின் சைட்டோபிளாசத்தில் உருவாகும் நொதிகள், ஒற்றைச் சவ்வு சூழ்ந்த பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்புக்குள் போய்ச் சேரும் நிகழ்வு. கொழுப்பு அமிலங்கள் பல சிதைவதும், ஹைட்ரஜன் பெராக்சைடு நீராவதும் இதனுள் நடக்கின்றன. பெராக்சிசோமுக்கெனத் தனி டி.என்.ஏ. இல்லை, ஆகவே அதிலுள்ள நொதி ஒவ்வொன்றும் வெளியிலிருந்தே வரவேண்டும். தாவரங்களிலும் இதே ஏற்பாடுதான். ஒளிச்சுவாசத்தின்போது பசுங்கணிகம் வெளிவிடும் கிளைக்கோலேட்டை மாற்றும் நொதி இவ்வழியாகவே உள்ளே போகிறது.

1954இல் ரோடின் எலியின் சிறுநீரகத்தில் இந்த நுண்ணுறுப்பைக் கண்டார். பெயரிட்டவர் கிறிஸ்டியன் டி டூவ். புரதம் தான் போகவேண்டிய முகவரியைத் தன்னிடமே வைத்திருக்கிறது என்ற ஊகத்தை 1971இல் பிளோபலும் சபாட்டினியும் முன்வைத்தனர். அதை நிறுவியதற்காகப் பிளோபலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் கண்ட முகவரி புரதத்தின் தலைப்பக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் வெட்டப்பட்டது. பெராக்சிசோம் வேறு வழியில் நடந்தது.

அந்த வழியைக் காட்டியது மின்மினி. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த சுரேஷ் சுப்ரமணியின் ஆய்வுக்குழு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், அமெரிக்க மின்மினியின் லூசிஃபெரேஸ் மரபணுவைக் குரங்கின் செல்களில் செலுத்தியது. ஒளிதரும் அந்த நொதி குரங்குச் செல்லின் பெராக்சிசோமில் போய்ச் சேர்ந்தது. 1987இல் வெளியான இம்முடிவு வியப்புக்குரியது. பூச்சி எழுதிய முகவரியைக் குரங்கின் செல் பிழையின்றிப் படித்திருக்கிறது! வால்முனையை நீக்கினால் நொதி வெளியிலேயே நின்றது. 1989இல் முகவரி மூன்றே அமினோ அமிலங்களாகச் சுருங்கியது: செரின், லைசின், லியூசின். தொடர்பில்லாத புரதத்தின் வாலில் இவற்றை ஒட்டினாலும் அது உள்ளே போனது.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் புரதம் மடிப்பு அவிழ்ந்தே செல்லவேண்டும். பெராக்சிசோமோ மடிந்த புரதத்தை முழுதாக ஏற்கிறது. இம்முகவரி ஒட்டிய நுண்ணிய தங்கத் துகள்கள்கூட உள்ளே சென்றதை அதே குழு 1995இல் காட்டியது. அத்தனை அகன்ற வாசல் சவ்வைச் சேதப்படுத்தாமல் எப்படித் திறக்கிறது என்பது நெடுங்காலப் புதிர். முகவரியைப் படிக்கும் பெக்ஸ்-5 புரதம், பெக்ஸ்-13 உண்டாக்கும் கூழ்போன்ற அடைப்பினூடே சரக்கோடு ஊடுருவுகிறது என்று 2022இல் ஆய்வாளர் ராப்போபோர்ட்டின் குழு விடையளித்தது.

இந்த வழி அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு வருவது செல்வேகர் நோய்த்தொகுதி. அவர்களின் செல்களில் பெராக்சிசோமின் வெற்றுச் சவ்வு மட்டும் இருப்பது 1988இல் தெரிந்தது. கடுமையான வகையில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.