உத்தரமேரூர்ச் சபையும் கணக்கு நெறியும்

முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் போற்றப்படுகின்றன. எனினும், கணக்குக் காட்டும் கடமையே அவற்றின் உயிர்நிலை என்பது எம் துணிபு.

30 குடும்புகளிலிருந்து ஓலைவழித் தெரிந்தெடுக்கப்பெற்றோர் ஏரி, தோட்டம் முதலிய வாரியங்களில் 360 நாள் பணியாற்றினர். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்பெறாது. பொதுப்பொருளைக் கவர்ந்தவர் உறவினர் வாயிலாக மீண்டும் பொறுப்பை அடையலாகாது என்பதே இவ்விதியின் கருத்தாதல் வேண்டும்.

இதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடுதல் பொருந்தாது. இச்சதுர்வேதிமங்கலத்தில் இறைநிலமும் வேதப்பயிற்சியும் உடைய அந்தணரே தகுதி பெற்றனர். ஏரிநீரால் வயலை விளைவித்த உழுகுடியார்க்கு அக்கணக்கைக் கேட்கும் உரிமை இருந்ததாக இக்கல்வெட்டுகள் கூறவில்லை.